கூப்பிடாமலே எரிந்த விளக்கு

டெய்லரக்காவின் வீட்டுக்காரருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் குக்கர் விசில், இப்போது பெண்டாட்டி பேச்சில் பாதி. அந்தப் பாதி போனதில் மனுஷனுக்கு வருத்தமே இல்லை என்று துணி தைக்க வருகிறவர்களிடம் அவள் சொல்லிச் சிரிப்பாள். காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பில் சுரத்து இல்லை.

"போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும்னா, ரம்பம் ஓடுறப்ப காதை மூடியே ஆகணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரர் தச்சர். வீட்டுக்குப் பின்னால் முற்றத்தைத் தாண்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. அங்கே மின்ரம்பம் ஓட ஆரம்பித்தால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து வேறு இடம் பார்க்கும். அவளே கடைக்குப் போய்க் காதுமூடி ஒன்று வாங்கி வந்தாள், இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து ஒரு வளையத்தில் கோத்த மாதிரி. வந்த நாளிலிருந்து அது பட்டறை ஆணியில்தான் தொங்கிற்று.

"ஏங்க மாட்டல?"

"மாட்டிக்கிட்டா நீ கூப்பிடுறது எப்படிம்மா கேக்கும்?"

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்."

"கொஞ்சம் கேக்குதில்ல. அன்னிக்குக் கேட்டுச்சே."

அன்னிக்கு என்றால், போன மழைக்காலத்தில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கத்திய நாள். ரம்பத்தை ஓடவிட்டபடியே ஓடி வந்து தூக்கினார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளுக்கும் காதைத் திறந்தே வைத்திருக்கப் போவதாக அவர் முடிவு கட்டியிருந்தார். அவள் எவ்வளவு சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்குதான், இந்த விஷயத்தில் பழமொழிக்கு அர்த்தம் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

சரி, காதுக்குக் கேட்காவிட்டால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று டெய்லரக்கா நினைத்தாள். வீட்டில் ஒரு பொத்தான், பட்டறையில் ஒரு விளக்கு. எலெக்ட்ரீஷியனைக் கேட்டாள். "ஒரு சுவிட்ச், ஒரு பல்பு, முடிஞ்சுதுக்கா" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அவளுக்கு வேறொரு ஆசை வந்துவிட்டிருந்தது.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண் தன் பையைக் கொட்டித் தேடியபோது, தீப்பெட்டி அகலத்தில் ஒரு நீலப் பலகை வெளியே விழுந்தது. மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்று சொன்னாள். ஓரம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கம்பிகள், நடுவில் ஒரு கறுப்புப் பூச்சி.

"இது என்னம்மா பண்ணும்?"

"நீங்க என்ன எழுதி அனுப்புறீங்களோ அதைப் பண்ணும்க்கா. லைட்டை எப்ப எரியவிடணும், எப்ப அணைக்கணும், எல்லாம் சொன்னபடி கேக்கும்."

சொன்னபடி கேட்கிற ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது டெய்லரக்காவுக்குப் புதிய செய்தி. அன்றைக்கு அந்தப் பெண்ணின் அளவை இரண்டு முறை தப்பாக எழுதினாள். மெதுவாக மின்னினால் சாப்பிட வாங்க, படபடவென்று மின்னினால் ஓடி வாங்க. சுவிட்சால் ஆகுமா இது?

மறுநாளே ஒரு போர்டு வாங்கி வந்தாள். தம்பி விட்டுப்போன பழைய லேப்டாப்பில் செருகினாள். போர்டின் மூலையில் குட்டி விளக்கு ஒன்று எரிந்தது. லேப்டாப்போ, அப்படி எதுவும் வந்து சேரவில்லையே என்றது. பிடுங்கிச் செருகினாள், அணைத்துப் போட்டாள், கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் போர்டையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைக்காரர் போர்டைத் தொடவே இல்லை. வயரை மட்டும் எடுத்துப் பார்த்தார். "போன் சார்ஜ் பண்ற வயரா? சிலதுல சோறு மட்டும்தான் போகும், பேச்சு போகாது" என்று சொல்லி வேறு வயர் கொடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அவ்வளவு நேரம் போர்டைத் திட்டியதற்கு, திரும்பி வரும் வழியில் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

இந்த முறை லேப்டாப் பேசியது. எல்லாரும் முதலில் எழுதுவது விளக்கை மின்னவைக்கும் நிரல்தானாம். லேப்டாப்பில் இருந்த உதாரணத்தை அப்படியே போர்டுக்கு அனுப்பினாள். போர்டில் விளக்கு மெதுவாக எரிந்து அணைந்தது. ஆயிரம் என்று இருந்த எண்ணை நூறாக்கினாள், படபடத்தது. மெஷினில் தையலின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பது மாதிரிதான். இருநூறு, ஐந்நூறு, பத்து என்று மாற்றி மாற்றிப் போட்டதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அடுத்த சில நாட்களில் பொத்தானும் வந்தது. தையல் மேஜை ஓரத்தில் போர்டையும் பொத்தானையும் வைத்தாள். அங்கிருந்து நீள வயர் முற்றத்தைத் தாண்டிப் போய், ரம்பத்துக்கு எதிர்ச் சுவரில் அவர் கண் படும் இடத்தில் ஒரு மஞ்சள் விளக்காக முடிந்தது. அழுத்தினாள். விளக்கு மின்னியது. தச்சர் வந்து வாசலில் நின்றார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

மறுநாள் காலை அவள் ஒரு திரைச்சீலையை மெஷினில் வைத்து ஓட்ட ஆரம்பித்ததும் தலையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றார்.

"கூப்பிட்டியா?"

"இல்லையே."

"லைட் எரிஞ்சுதே."

வந்தது வந்தாயிற்று என்று தண்ணீர் குடித்தார். ஒரு பலகைக்குள் பழைய ஆணி ஒன்று ஒளிந்திருந்து ரம்பத்தின் பல்லைக் காவு வாங்கிய கதையைச் சொன்னார். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். அவளும் மறுபடி இல்லையே என்றாள். இந்தத் தடவை திரைச்சீலையைப் பிடித்துப் பார்த்து, நிறம் நன்றாக இருக்கிறது என்றார். சாயங்காலம்வரை இப்படியே. கல்யாணமான புதிதில்கூட மனுஷன் இத்தனை தடவை வீட்டுக்குள் வந்ததில்லை.

இருட்டும் நேரத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தப் பொய் விளக்கை நம்பி நான் காதை மூட மாட்டேன்மா. கூப்பிடாதப்ப எரியுறது, கூப்பிடுறப்ப எரியாமப் போனா? ஒரு நாள் முழுக்க அது பொய் சொல்லாம இருக்கட்டும், மாட்டிக்கிறேன்."

டெய்லரக்கா மெஷினை மூடி வைத்தாள். அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் வேதனை. ஆனால் காலையில் எழுந்தபோது வேதனையைவிட வேறொன்று முந்திக்கொண்டது: ஏன் எரிகிறது?

பட்டறை விளக்கு எரியும்போதெல்லாம் போர்டில் இருந்த இன்னொரு குட்டி விளக்கும் எரியும்படி எழுதியிருந்தாள். பட்டறைக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா இருந்தது. வேலையாவது நடக்கட்டும் என்று மெஷின் பெடலில் காலை வைத்தாள். விளக்கு மின்னியது. காலை எடுத்தாள், நின்றது. வைத்தாள், மின்னியது. அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொத்தானைத் தொடவே இல்லை, அதன் வயர் பக்கம் கையை மட்டும் கொண்டுபோனாள். அதற்கும் மின்னியது. மிக்சியைத் தூக்கி வந்து ஓட்டிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பிடுங்கிப் பார்த்தாள். பாதி தைத்த திரைச்சீலை தரையில் கிடந்தது, வாங்க வந்தவர் நாளைக்கு வருகிறேன் என்று தானாகவே போய்விட்டார்.

"நல்ல ஜோடிதான் எனக்கு வாய்ச்சிருக்கு. ஒருத்தருக்கு எதுவும் கேக்கல, இன்னொண்ணுக்கு எல்லாமே கேக்குது" என்று போர்டிடம் சொன்னாள்.

கேள்வி சரியாகக் கிடைத்தபின் பதிலைத் தேடுவது கஷ்டமாக இல்லை. பொத்தானை அழுத்தினால்தான் அந்த வயர் ஒரு பக்கம் சேர்கிறது. அழுத்தாத நேரத்தில் அது எந்தப் பக்கமும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் கை அசைந்தாலும் அதற்குக் கூப்பிட்ட மாதிரிதான். லேப்டாப்பில் தேடிப் பிடித்த பக்கம் ஒன்றில், நிரலில் வெறும் இன்புட் என்று இருந்த இடத்தில் இன்புட் புல்லப் என்று எழுதச் சொல்லியிருந்தது. அப்படி எழுதினால், யாரும் அழுத்தாதவரை போர்டே அந்த வயரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. ஒரே ஒரு வார்த்தைதான் கூடுதல். எழுதி அனுப்பினாள். மெஷினை ஓட்டினாள், மிக்சியை ஓட்டினாள், கையைக் காட்டினாள். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. பட்டறை வயரை மறுபடி மாட்டினாள்.

மறுநாள் முழுக்க வேண்டுமென்றே பெடலை ஓங்கி மிதித்துத் தைத்தாள். அவர் வரவில்லை. சாயங்காலம் ஒரு முறை, ஒரே முறை, பொத்தானை அழுத்தினாள்.

வந்தார். தலையில் காதுமூடி இருந்தது. மாட்டியிருப்பதையே மறந்தவராக, "என்னம்மா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். டெய்லரக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மரத்தூள் விழுந்துவிட்டது என்று சமாளித்தாள்.

அதற்கப்புறம் விளக்கு பொய்யே சொல்லவில்லை. அவரும் காதுமூடியைக் கழற்றவில்லை. சாப்பாட்டுக்கு அழுத்தினால் வந்தார், சாப்பிட்டார், போனார். நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் காலை வேளையில் மெஷினை ஓட்டும்போது கண் தானாக வாசல் பக்கம் போயிற்று. ஆணி ஒளிந்திருந்த பலகை, ரம்பத்தின் பல், திரைச்சீலையின் நிறம் எல்லாம் நின்றுபோயிருந்தன. எதையோ சரி செய்யப் போய் எதையோ கெடுத்துவிட்டோமா என்று அவளுக்கு இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது, விளக்கு ஒழுங்காக வேலை செய்கிறது என்று குறைப்பட்டுக்கொள்ளவா முடியும்?

படபடவென்று மின்னுவதற்கு இரண்டாவது பொத்தான் இன்னும் பாக்கி இருந்தது. ஒரு நாள் காலை, அதை வைப்பதற்காக எல்லா வயரையும் பிடுங்கிவிட்டுப் போர்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

தச்சர் நின்றுகொண்டிருந்தார். காதுமூடியின் ஒரு கிண்ணத்தை மட்டும் தூக்கி நெற்றிப் பக்கம் வைத்திருந்தார்.

"கூப்பிட்டியா?"

அவள் மடியைப் பார்த்தாள். போர்டில் ஒரு வயர்கூட இல்லை.

"லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றார். முகத்தில் சலனமே இல்லை.

"மெதுவாவா, படபடன்னா?"

கொஞ்சம் யோசித்தார். "மெதுவா."

"அப்ப சரி, உக்காருங்க. டீ போடறேன்" என்று சொன்ன டெய்லரக்கா, மடியில் இருந்ததைத் தைக்க வந்த துணிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.