சிரிக்காமல் சொன்ன சொல்

சுரங்க ஊரான லுவான்ஷ்யாவின் இடுகாட்டில் அன்று எல்லோரும் அநியாயத்துக்கு மரியாதையாக இருந்தார்கள். அதுதான் டோரிக்காவுக்கு உறுத்தியது.

அவள் கணவர் கசோண்டேயின் பெட்டி குழிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் அவளுடைய இனத்தாரான பெம்பாக்காரர்கள். எதிர்ப்பக்கம், சுரங்க வேலைக்காகக் கிழக்கிலிருந்து வந்து தங்கிவிட்ட ங்கோனிக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே சபை, ஒரே ஆலயம், ஒரே திருவிருந்து. ஆனாலும் நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

பெம்பா வீட்டில் சாவு விழுந்தால் ங்கோனிக்காரர்கள் சும்மா நிற்கக் கூடாது. இரண்டு இனமும் கேலி முறைக்காரர்கள். முன்னொரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள், போதும் என்று ஓய்ந்த பிறகு, இனி வாயால் மட்டும் அடித்துக்கொள்வோம் என்று வைத்துக்கொண்ட உறவு அது. இழவு வீட்டுச் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்பார்கள். பிணத்தைத் திட்டுவார்கள். குழிக்குள் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்பார்கள். துக்கக்காரியைச் சிரிக்க வைக்காமல் போனால் அவர்களுக்குத்தான் அவமானம்.

இன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ங்கோனிக்காரர்களின் மூப்பர் ஜேரே, பாடகர் குழுவில் முப்பது வருடம் கசோண்டேயின் தோளோடு தோள் நின்றவர், காலையில் வீட்டுக்கு வந்து, "உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுக்குறோம்மா" என்றார். அம்மாவாம்! பெம்பாக்காரர்கள் குரங்கு தின்பவர்கள் என்ற பழைய கேலியில், இந்த ஈஸ்டர் வரை அவளைக் "குரங்குக் கறி" என்றுதான் கூப்பிட்ட மனுஷன்.

காரணம் ஊருக்கே தெரியும். ஈஸ்டர் ஆராதனையில் எந்த மொழிப் பாட்டை முதலில் பாடுவது என்று பாடகர் குழுவின் அறையில் பேச்சு முற்றியபோது, கசோண்டே மேசையைத் தட்டி, "எலி தின்னுற வாய்க்கு எதுக்குடா தேவனோட பாட்டு?" என்றார். எப்போதும் சொல்கிற எலிதான். வயல் எலியைச் சுட்டுத் தின்பதை ங்கோனிக்காரர்கள் மறைத்ததும் இல்லை. ஆனால் அன்று கசோண்டே சிரிக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. ஜேரே பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார்.

பாஸ்டர் லுபிண்டா, பாவம், ஒற்றுமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, சபையில் இனி கேலிப் பேச்சே கூடாது என்று தடை போட்டார். அதோடு தீர்ந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் "நீங்க, வாங்க" என்று பேச ஆரம்பித்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் ஜேரே என்ன சொல்லப்போகிறார் என்பது டோரிக்காவின் காதுக்கு வந்திருந்தது. வருகிற ஞாயிறு முதல் அவருடைய ஆட்கள் பள்ளிக்கூடத்தில் தனியாகக் கூடப்போகிறார்கள். சபையை உடைத்தவன் என்ற பெயரோடு கசோண்டே மண்ணுக்குள் போவார். அந்தப் பெயர் பிள்ளை குட்டி வரைக்கும் ஒட்டும்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை இறக்க நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். கைம்பெண் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக் கூடாது. டோரிக்கா துணியை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏ ஜேரே! குழி வெட்டும்போது எலி ஏதும் கெடைச்சுதா? உன் ஆளுங்க அந்த மண்ணையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே!"

யாரும் சிரிக்கவில்லை. ங்கோனிப் பக்கத்தில் ஒருவன் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தான். "வேணாம்மா, சும்மா இருங்க" என்று பாஸ்டர் கெஞ்சினார்.

ஜேரே குழியைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நான் இப்ப சிரிக்கணுமா?"

"மொறைன்னா சிரிச்சுத்தான் ஆகணும்."

"அப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. அன்னைக்கு அவன் சொன்னது கேலிதானா? உனக்குத் தெரியாம இருக்காது."

"கேலிதான்னு சொல்லேன்!" என்று அவள் முதுகுக்குப் பின்னால் பெம்பாக்காரர்கள் கிசுகிசுத்தார்கள். சொல்லிவிடலாம். செத்தவர் எழுந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் இந்த ஜேரே அந்த அறையில் இருந்தவர். அவர் காதுக்குப் பொய் சொன்னால், அதற்கும் தலையாட்டிவிட்டு மரியாதையாகப் போய்விடுவார். அந்த மரியாதையை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

"கேலி இல்ல" என்றாள். "நெஜமாவே சொன்னாரு. கோவத்துல மனசறிஞ்சு சொன்னாரு. வீட்டுக்கு வந்து ந்ஷீமாக் களியைக்கூடத் தொடல. உன் வீட்டு வாசல் வரைக்கும் நடந்து நடந்து திரும்பினாரு. திமிரு புடிச்ச மனுஷன், கதவைத் தட்ட கை வரல. நான் கழுத்தைப் புடிச்சுத் தள்ளியிருக்கணும். தள்ளல."

பின்னால் யாரோ "ஐயோ, காரியத்தைக் கெடுத்தாளே" என்றார்கள்.

ஜேரே தொப்பியைக் கழற்றி பாஸ்டர் கையில் திணித்தார். கோட்டும் டையுமாகக் குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்தார்.

"எறக்காதீங்கடா!" என்று உள்ளிருந்து கத்தினார். "குரங்கு தின்னிக்கு இவ்வளவு நல்ல குழியா? கொண்டுபோய் மரத்துல தொங்க விடுங்க அவனை!"

பெம்பாப் பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் எட்டிப் பார்த்து, "மூப்பரே, எந்திரிங்க, தடை போட்டிருக்கு" என்றார்.

"நீங்க போட்ட தடை மேல நிக்கிறவங்களுக்கு, பாஸ்டர். நான் கீழ கெடக்கேன்."

இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. டோரிக்கா மட்டும் சிரிக்கவில்லை. குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஜேரேயின் நரைத்த தலையெல்லாம் செம்மண். கண்ணிலிருந்து நீர் காதுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"மச்சான் சிரிக்காமலே போயிட்டான், குரங்குக் கறி" என்றார் அவளிடம் மட்டும், மெதுவாக. "அவனுக்குப் பதிலா நீ சிரி. சிரிச்சாத்தான் எந்திரிப்பேன்."

அவள் முயன்று பார்த்தாள். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

"கோட்டுக்குள்ள ஏதோ ஓடுது பாரு" என்றாள்.

"எங்க?" ஜேரே துள்ளி எழுந்து கோட்டை உதறினார். "விட்டுடாதீங்கடா, புடிங்க! மதியச் சாப்பாடு!"

டோரிக்கா சிரித்தாள். கணவர் செத்த பிறகு முதல்முறையாக அவள் வாய்விட்டு அழுததும் அப்போதுதான்.