பதினோராம் நாள் மண்ணாங்கட்டி

உமாகாந்த் மிஸ்ராவின் அப்பா செத்த பதினோராம் நாள், அவர் வேட்டியை உடுத்தி, அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டான் மகாபாத்திரன். இறந்தவருக்காக உண்ணும் பிராமணன் அவன். காசியில் மற்ற பிராமணர்கள் அவன் முகத்தில் விழிக்கவும் மாட்டார்கள்.

"வயிறு நெறஞ்சுதுன்னு சொல்லுய்யா. அப்பத்தான் எங்கப்பா கரையேறுவாரு," என்று அதட்டினான் உமாகாந்த்.

"நெறஞ்சுது எசமான்," என்று எழுந்தான்.

சாவு திரும்பி வராதிருக்க, போகிறவன் முதுகில் மண்ணாங்கட்டி எறிவது வழக்கம். பெயருக்கு ஒன்று போதும். இவனுக்கென்ன மரியாதை என்று உமாகாந்த் இரண்டாவதையும் ஓங்கி எறிந்தான்.

மகாபாத்திரன் நின்றான், திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. அது அப்பாவின் குரல். அப்பா மட்டுமே அழைக்கும் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"போதும்டா புச்சு, வலிக்குது. எங்கப்பா மேல நானும் இப்படித்தான் எறிஞ்சேன்."