வெறுங்கை பட்ட பிடி

மழைமுகில் தாழ்ந்து கவிந்த மாலைப்பொழுதில், நாற்பது ஆண்டுகள் வண்டி காணாத இருப்புப்பாதை புல்லும் முள்ளும் களையப்பெற்று நகரை நோக்கி நீண்டு கிடக்க, அதன் ஓரத்தே செங்கற்சுவரின்மேல் மரத்தால் எழுந்து நின்ற கைகாட்டி மாடம், புது வண்ணம் பூசப்பெற்று, மங்கும் ஒளியைத் தன் கண்ணாடிகளில் வாங்கிக்கொண்டிருந்தது. மறுநாட் காலை அவ்வழியே முதல் வண்டி வரவிருந்தது. ஊதியம் கேளாது பழைய பாதையை உயிர்ப்பிக்க முனைந்த தொண்டர் பதினொருவர் ஆறாண்டுகள் பட்ட பாட்டின் பயன் அது.

அவருள் மூத்தவர் தச்சர். இற்றுப்போன படிகளையும் தரையையும் தம் கையால் இழைத்துச் சேர்த்த அவர், முதல் வண்டிக்கு வழிவிடக் கைகாட்டியை இறக்கும் பேறு தமக்கே உரியதென்று எண்ணி, அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டையும் தைத்து வைத்திருந்தார். ஆனால் சென்ற ஆண்டு வந்து சேர்ந்தாள் பூட்டுத் தொழில் செய்யும் பெண்ணொருத்தி; பூட்டுக்காரி என்றே அவளை எல்லாரும் அழைத்தனர். தரைக்கடியில் துருவேறி இறுகிக் கிடந்த கைகாட்டிகளை இயக்கும் இருபது நெம்புகோல்களின் பிணைப்பை ஒன்பதே திங்களில் அவள் இயங்கச் செய்துவிடவே, குழுத்தலைவரான பழைய நிலைய மேலாளர் அப்பேற்றை அவளுக்கே கொடுத்துவிட்டார். அன்றுதொட்டுத் தச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால் வயிறு எரிந்தது, இருமினாலும் எரிந்தது. அன்பரே, பொறாமைக்காரனின் காதில் இருமலும் ஒரு குற்றம்தான்.

மாடத்தில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. நெம்புகோலின் மெருகேற்றிய எஃகுப் பிடியை எவரும் வெறுங்கையால் தொடலாகாது. வியர்வை பட்ட இடம் ஈரக்காற்றில் விடிவதற்குள் துருப்பிடித்துவிடும். ஆதலால் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துணி கிடக்கும். துரு காணப்பட்டால், பிடியைப் பேணுபவர் அந்நெம்புகோலை இழப்பார். வேண்டுமென்றே கெடுத்தவர் குழுவையே இழப்பார்.

எல்லாரும் இறங்கிச் சென்றபின், கழுத்து வியர்வையை வழித்துக் கையில் பூசிய தச்சர், அவளுடைய நெம்புகோலை இறுகப் பற்றி, நூறு எண்ணும்வரை விடாதிருந்தார். நல்ல மழை பெய்தது.

காலையில் தச்சர் வெள்ளைச் சட்டையோடு படியேறி வந்தபோது, பூட்டுக்காரி பிடியருகே குனிந்து நின்றிருந்தாள். துரு பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விரல் பதிந்த கோடுகள் நான்கனுள் மூன்று முழுமையாய் இருக்க, ஒன்று பாதியில் நின்றது. இளமையில் உளிக்குப் பறிகொடுத்த அரைச் சுட்டுவிரலைத் தச்சர் மறந்தே போயிருந்தார். அவள் பிடியைப் பார்த்தாள். அவர் கையையும் பார்த்தாள். படியில் மேலாளரின் காலடி கேட்டதும், துணியால் அழுந்தத் தேய்த்து, அக்கோடுகளை உருவற்ற கறையாக்கிவிட்டாள்.

"என்னம்மா இது?" என்றார் மேலாளர்.

"நேத்து அவசரத்துல துணி இல்லாம பிடிச்சுட்டேன் ஐயா. தப்பு என்னோடதுதான்."

"நீயா இப்படி? வருத்தமா இருக்கு. ஆனா வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. தச்சரே, நீங்களே இழுங்க."

தச்சர் தோளில் கிடந்த துணியை எடுத்துப் பிடியில் சுற்றினார். தொலைவில் வண்டி கூவியது. இழுத்தார். கைகாட்டி இறங்கியது, வண்டி கடந்தது, கீழே நின்ற கூட்டம் கை வலிக்கத் தட்டியது. அவருக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது.

ஆரவாரம் அடங்கியபின், அடித்தளத்தில் எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தவளிடம் இறங்கிச் சென்றார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களை இன்னிக்கே அனுப்பிடுவாங்க. பின்பக்கம் இன்னும் நாலு சன்னல் பாக்கி. அதை உங்களை மாதிரி செய்ய இங்க ஆள் இல்லண்ணா. சாரல் உள்ள வந்தா இதெல்லாம் மறுபடி இறுகிடும். எனக்கு இது ஓடணும், அவ்வளவுதான்." எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஆனா உங்க முகத்தைப் பார்க்கவே இப்ப பிடிக்கல. அதையும் சொல்லிடறேன்."

அத்துடன் அவர் பொறாமை தீர்ந்ததோ எனின், தீரவில்லை. நேற்றுவரை அவள் பெற்ற பேற்றின்மீது பொறாமை கொண்டிருந்தவர், அன்றுமுதல் அவள் நெஞ்சின்மீது பொறாமை கொண்டார். அதை எவ்வழியில் பறிப்பது என்று அறியாதவராய், மாடத்தின் பின்புறம் சென்று, முதற் சாளரத்துக்கு மரம் அளக்கலானார்.