நகச்சாயக் கோடு

அப்பா என் தாடையை உடைத்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், இரண்டு கன்னியாஸ்திரீகளின் கண்ணெதிரே. உள்ளே என் அண்ணன் எர்மெஸின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலைப் பந்தயத்தின் ஏழாவது வளைவில் அவன் ஓட்டிய சிவப்பு ஸ்பைடர் காரின் இன்ஜின் இறுகிக்கொண்டது. பின்சக்கரங்கள் அப்படியே நின்று, வண்டி பள்ளத்தில் உருண்டது. அந்த இன்ஜினைக் கோத்தவன் நான்.

பத்தொன்பது வருஷமாக ஊரில் எனக்கு நேவியோ என்ற பெயர் போய், 'காலெடுத்தவன்' என்ற பெயர்தான். ஒருத்தனும் என்னிடம் ஒரு சைக்கிளைக்கூட ரிப்பேருக்கு நம்பிக் கொடுக்கவில்லை. சீஸ் கிடங்கில் உருளைகளைப் புரட்டிப்போடும் வேலைக்குப் போனேன். என்னைக் கட்டிக்கொள்ள இருந்த சில்வானா வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அப்பா மட்டும் நோர்மாவின் பாரில் சீட்டாடிக்கொண்டே, "சின்னவன் கை ஒழுங்கா இருந்தா பெரியவனுக்குக் கால் இருந்திருக்கும்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தப்பு என் கையுடையதா, இல்லையா? அது தெரியாமல் செத்தால் என் கட்டை வேகாது.

இன்ஜினைத் திறக்க அப்பா விடவே இல்லை. ராசியில்லாத வண்டி என்றார். தார்ப்பாய்க்கு அடியில் கோழிகள் சீட்டில் முட்டையிட்டன. இந்த வருஷம் எர்மெஸுக்கு அதை மறுபடி ஓட்டும் வெறி பிடித்தது. புது பிஸ்டன்களோடு வந்து என் கதவை ஊன்றுகோலால் இடித்தான்.

"வாடா. நீ கெடுத்தத நீயே சரி பண்ணு. ஆனா என் கண்ணு முன்னாடி பண்ணணும்."

மூன்று வாரம் வீட்டு கராஜில் மல்லுக்கட்டினோம். இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட் துருவேறிப் பிரியவே இல்லை. டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்து, இருவரும் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்தோம். ஒவ்வொரு அடிக்கும் எர்மெஸ் என் பெயரைச் சொல்லித்தான் அடித்தான். அப்பா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, "பழசைத் தூக்கிப் போட்டுட்டு வேற இன்ஜின் வாங்குங்கடா" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து கோட்டும் டையுமாக அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். இன்ஜினை ஸ்டாண்டில் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றினோம். பிஸ்டன்களைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகள் தெரிந்தன. நடுவில் இருந்த இரண்டும் வெந்து கறுத்திருந்தன. எர்மெஸ் பொறுமையில்லாமல் தானே அவற்றைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ராடும் அதன் மூடியும் ஒன்றாகக் கடைந்து எடுத்தவை. ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராது; மாற்றிப் போட்டு ஓட்டினால் சூடேறி இறுகிவிடும். மாறிவிடக் கூடாது என்றுதான் இரண்டிலும் புள்ளி குத்துவது. இங்கே இரண்டு புள்ளி ராடில் மூன்று புள்ளி மூடி இருந்தது. மூன்று புள்ளி ராடில் இரண்டு புள்ளி மூடி.

"எண்ணக்கூடத் தெரியாதாடா நாயே!"

எர்மெஸின் சுத்தியல் என் தோளில் இறங்கியது. அடுத்த வீச்சு புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தில் கண் மறைய, நான் அவன் கட்டைக்காலை எட்டி உதைத்தேன். ஆமாம், அதைத்தான் உதைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருவரும் எண்ணெயில் புரண்டோம். அவன் என் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தபோது, கீழே கிடந்த மூடியின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

அது சில்வானாவின் நகச்சாயம். அப்போதெல்லாம் போல்டுகளை முடுக்கி முடித்ததும், ராடிலிருந்து மூடிவரை இணைப்பின் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். முடித்ததற்கு அடையாளம்.

"விடுடா... எர்மெஸ், விடு! அதைப் பாரு!"

இரண்டு புள்ளி மூடியை எடுத்து இரண்டு புள்ளி ராடில் பொருத்தினேன். அறுந்து கிடந்த கோடு ஒன்றாகச் சேர்ந்தது. மூன்றை மூன்றில் வைத்தேன். அதுவும் சேர்ந்தது. நான் கோடு போட்டபோது மூடிகள் அதனதன் இடத்தில்தான் இருந்திருக்கின்றன. அதற்குப் பிறகு யாரோ கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததுதான்.

எர்மெஸ் தரையில் உட்கார்ந்தபடியே அப்பாவைப் பார்த்தான். கராஜ் சாவி அப்போது எங்கள் மூவரிடம்தான் இருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் நானும் அவனும் பெயர் பதிய ஊருக்குள் போயிருந்தோம்.

"நான் சும்மா பாத்தேன்டா" என்றார் அப்பா. "பேரிங் சரியா இருக்கான்னு. இவன் வேலையை நான் எப்படா நம்பினேன்?"

நான் கேட்டேன். "மாறிப்போச்சுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்ஜின் இறுகுச்சுன்னு சொன்னப்பவே."

"என்னை அடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டையை நீவிவிட்டுக்கொண்டார். "முன்னாடி."

அடித்தேன். நாற்காலியோடு விழுந்தார். தூக்கி நிறுத்தி மறுபடியும் அடித்தேன். பல்செட் தெறித்து இன்ஜினுக்கு அடியில் போனது. எர்மெஸ் தடுக்கவில்லை. எழுபத்தாறு வயசுக்காரரை அடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அடித்தேன்.

"எந்த வாயால சொன்னியோ அதே வாயால போய்ச் சொல்லு!"

கோட்டுக் காலரைப் பிடித்துச் சந்தையின் நடுவே இழுத்துக்கொண்டு போனேன். இன்னொரு கையில் இரண்டு மூடிகள். பாரில் சீட்டாட்டம் நின்றது. அப்பாவை மேஜைகளுக்கு நடுவே தள்ளினேன்.

"நான்தான்" என்றார் பொக்கை வாயோடு. "மூடியை மாத்திப் போட்டது நான்தான். சின்னவன் தப்பு இல்ல."

 எல்லோரும் அவர் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள்.

"அடப்பாவி" என்றாள் நோர்மா. "பெத்த அப்பனை இப்படியா அடிச்சுச் சொல்ல வைப்ப?"

மூடிகளை நீட்டினேன். புள்ளிகளைக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன். "நகச்சாயம் எந்தக் கடையிலயும் கிடைக்கும்டா, காலெடுத்தவனே" என்றான் ஒருத்தன். எர்மெஸ் மூச்சிரைக்க வந்து, எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தான். அவன் சட்டையெல்லாம் என் ரத்தம். "இவனையும் போட்டு மிரட்டியிருக்கான் பாரு" என்றார்கள்.

"நான்தான் நோர்மா, நிஜமா நான்தான்" என்று அப்பா அழுதார். அவள் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"போதும் லெயார்கோ, பேசாத. இவ்வளவு ஆன பின்னாடியும் புள்ளையைக் காப்பாத்தப் பாக்குற. உன்னை மாதிரி அப்பன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

மறுபடியும் கையை ஓங்கினேன். ஆறு பேர் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.