ஒற்றைச் சப்பாத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. மகளிர் உரிமைக் கூட்டமொன்றில் முழங்குவதற்காகச் சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தேன். ஜொகூர் பாரு குடிநுழைவு மண்டபத்தின் காலை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் குதிகாலை உயர்த்துவதும் இறக்குவதுமாக இருந்தார். பையிலிருந்து இளஞ்சிவப்பு நாடா ஒன்று எட்டிப் பார்த்தது. அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பிரேமலா என்பது நான் வைத்த பெயர்; மற்றதும் நான் கட்டியதுதான்.

2

முதல் தொடக்கம்: ‘தாய்க்குலமே, இன்னும் எத்தனை காலம் இந்த அடுப்படிச் சிறையில்—’

(நிறுத்திவிட்டேன். முப்பது ஆண்டுகளாக மேடையில் இப்படித்தான் தொடங்குகிறேன். பிரேமலா வீட்டு அடுப்படியில் நிற்பவனோ அவள் கணவன் தீபன். தொழிற்சாலையில் மாலை வேலையைக் கேட்டு வாங்கி, காலையில் மகளுக்குச் சடை பின்னுகிறான், கோணலாகத்தான். கொடியவன் ஒருவன் கிடைக்காத பேச்சாளனின் பாடு பெரும்பாடு.)

3

பிரேமலா சிங்கப்பூரில் ஒரு பாலே நடனக் குழுவில் ஆடுகிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகள் லோஷினி பிறந்தபின் அவளுக்குப் பின்வரிசைதான். இன்று பத்து மணிக்கு முதன்மை வேடத்துக்கான தேர்வு. வயது முப்பத்து மூன்று. இன்னொரு தேர்வு வராது. நேற்று மாலை, நுனிக்காலில் நின்றாடும் காலணியான புதுச் சப்பாத்துக்கு நாடா தைத்தாள். அம்மா ஊசியை எடுத்தால், மறுநாள் கண் விழிக்கையில் அம்மா இருக்கமாட்டாள் என்பது லோஷினிக்குத் தெரியும்.

வரிசையில் நின்றபடி பையைத் திறந்தாள். ஒரு சப்பாத்துதான் இருந்தது. வீட்டுக்கு அழைத்தாள்.

“இன்னொன்னு எங்க, தீபன்?”

“உன் மகதான் ஒளிச்சு வச்சிருக்கா. அரிசி டின் வரைக்கும் பாத்துட்டேன் லா. வாயே தொறக்க மாட்டேங்கிறா.”

“அவகிட்ட குடுங்க. லோஷி, அம்மா சப்பாத்து எங்கடா?”

“தூங்குது. எழுப்பக் கூடாது.”

“மத்தது இங்க இருக்கே.”

லோஷினி குரலைத் தாழ்த்தினாள்.

“அது அழுவுதாம்மா?”

4

குழுவின் அலமாரியில் அவளுடைய பழைய சோடி ஒன்று கிடக்கிறது, நுனி நைந்தது. அதில் ஏறி நின்றால் கணுக்கால் போகலாம். மற்றவர்கள் சப்பாத்து அவள் காலுக்குச் சேராது.

முடிவு ஒன்று: பழைய சோடியோடு போகிறாள், வெல்கிறாள். என் கூட்டத்தில் கைதட்டல் அள்ளும். அந்த ஓசையில் லோஷினியின் கேள்வி யாருக்கும் கேட்காது.

முடிவு இரண்டு: வீடு திரும்புகிறாள். தாய்மையே தெய்வம் என்று கண்ணீர் விடுவார்கள். அதன்பின் சோறு வடிக்கும்போதெல்லாம் அவள் குதிகால் தானாக உயருமே, அதை எவரும் பார்க்கமாட்டார்கள்.

இரண்டையும் எழுத மறுக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு ஒரே ஒரு காலைப்பொழுது, ஒரே ஒரு பத்து மணி என்று விதித்தவர் யார்? அதுதான் என் வழக்கு. அது தீர நாளாகும். அவளுக்கும் கடவுச்சீட்டு முகப்புக்கும் இடையில் இருப்பதோ நான்கு பேர்.

5

இப்போது இரண்டு பேர்.

நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நிற்கிறாள். மகள் தூங்கும்வரை அவள் முடியைச் சுற்றுவதுபோல.

“அழலடா,” என்கிறாள் தொலைபேசியில். “காத்துக்கிட்டு இருக்கு.”

முகப்பு காலியாகிறது. அவள் நகரவில்லை. நானும் நகரவில்லை, என் கூட்டம் காத்திருக்கட்டும். எனக்குப் பின்னால் நிற்பவர், வாசகரே, நீங்கள்தான். உங்களுக்கும் நேரமாகிறது, தெரியும்.

தயவுசெய்து அவளை இடிக்காதீர்கள்.