வாசித்துக் காட்டியது

ஜெய்தூன் பீவி டீச்சரின் மூன்றாம் வகுப்பில், கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிவத்தில் தேதியை எழுதினேன். 2005, ஆகஸ்ட். ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் கவனிக்க வேண்டும், நல்லது மூன்றும் திருத்த வேண்டியது ஒன்றும் எழுத வேண்டும், அதை அவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படி நடக்கவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் ஆளுக்கொன்றை நிரப்பி மாற்றிக்கொண்டார்கள். நான்தான் முறைப்படி செய்வோம் என்று பிடிவாதம் பிடித்தேன். பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த மிதப்பு.

ஜெய்தூன் அக்காவும் நானும் திண்டுக்கல்லிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். ஆறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து சீட். அவருடைய டிபன் பாக்ஸில் பாதி என் வயிற்றுக்குள்தான் போகும். எனக்குப் பிரசவ வலி கண்டபோது, என் அம்மாவுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றது அவர்தான். வீட்டுக்காரர் இறந்தபிறகு அவருக்கு இந்தப் பள்ளிக்கூடம்தான் எல்லாம். ஓய்வுபெற நான்கு வருஷம் இருந்தது.

பாடம் கணீரென்று நடந்தது. அக்கா படம் போட்ட அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பிடித்துவிட்டு, ஒரு நொடி சும்மா இருந்தார். முன்வரிசையில் ஆரிபா என்ற குட்டிப் பெண் வாய்க்குள்ளேயே, “மாடு, டீச்சர்” என்றாள். உடனே அக்கா “திஸ் இஸ் எ கௌ” என்றார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த அட்டை, மறுபடியும் அந்த ஒரு நொடி, மறுபடியும் ஆரிபா. புத்தகத்தைத் திறந்தபோதும் பக்க எண்ணை அவள்தான் சொன்னாள். அக்கா ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். கையில் விரிந்திருந்தது வேறு பக்கம். பஸ் போர்டை வாசிக்கச் சொல்லி தினமும் என்னை ஏவுவதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். பக்கத்திலிருந்த பிள்ளையின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் கிறுக்கல், அதன் மேல் சிவப்பு மையில் சரி. ஆரிபாவின் நோட்டிலும் அதேதான். ஒரு எழுத்துகூட எழுத்தாக இல்லை.

எழுதினேன். ஆசிரியருக்குக் கண் தெரியவில்லை, பிள்ளைகள் சொல்லித்தான் பாடம் நடக்கிறது, நோட்டுகள் பார்க்கப்படவில்லை. எழுதும்போது கோபம்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக வந்த கோபம் என்றுதான் இன்றும் நம்ப ஆசைப்படுகிறேன்.

மணி அடித்ததும் அக்கா வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் செல்வி. நீயே வாசி” என்றார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

தாளைப் பார்த்துக்கொண்டே நான் வாசித்தேன். உச்சரிப்பு நன்று. பிள்ளைகள் பயமின்றிப் பேசுகிறார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கிறது. திருத்த வேண்டியது, பாட்டை இன்னும் இரண்டு தடவை சொல்ல வைக்கலாம்.

“அம்புட்டுத்தானா? இதுக்கா இம்புட்டு நேரம் எழுதுன?” என்று சிரித்தார். அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் வேறு படிவம் எழுதி மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் தலைமையாசிரியர் முத்துக்கிருஷ்ணன் சார் வந்து கையிலிருந்து வாங்கிப் போய் உறையில் போட்டு ஒட்டிவிட்டார். திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கல்வி அலுவலர் வந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, படிவத்தை வரிவரியாக வாசித்தார். அக்கா நான் நின்ற பக்கம் மெல்லத் திரும்பினார்.

“இதெல்லாம் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

“தெரிஞ்சுதான் சார். செல்வி வாசிச்சுக் காட்டுச்சு. உள்ளதத்தான் எழுதியிருக்கு.”

அன்றும் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பின்னால் ஏற்றியிருந்த மல்லிகை மூட்டைகளின் வாசனை தாங்க முடியாமல் இருந்தது. பாதி வழியில், “என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல. நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்” என்றார். சர்க்கரையால் போன பார்வை இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

கடைசி நாளன்று, என் வகுப்பை அவர் கவனிக்க வேண்டியது பாக்கி இருந்தது. அதெல்லாம் வேண்டாம் டீச்சர் என்று தலைமையாசிரியர் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. ஆரிபா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, என் ஐந்தாம் வகுப்பின் பின்னால் உட்காரவைத்தாள். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் பலகையில் எழுதினேன். எழுத எழுத எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் பலகையில் நான்கு வார்த்தைக்குத்தான் இடமிருந்தது. ஆரிபா அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த நான்கில் ஒன்றையும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் படிவத்தை நீட்டினார்.

“நீயே எழுதிக்க செல்வி. எனக்கு வாசிச்சுக் காட்ட வேணாம்.”

படிவம் முழுக்க வெறுமையாக இருந்தது. அவர் கையெழுத்து மட்டும் கோட்டை விட்டு விலகி, தாளின் ஓரம் வரை போயிருந்தது.