கால்குலஸும் மெட்ராஸ் டிக்கெட்டும்

‘உயர்நிலைப் பள்ளியிலேயே கால்குலஸ் கற்பிக்க வேண்டுமா, கூடாதா?’ கடலூரில் நான் படித்த பள்ளியில் இப்படியொரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கும் ஒருவன் மெட்ராஸ் போட்டிக்குப் போகலாம். அங்கேயும் இதே தலைப்பு. என் மாமா மகன் காசிம் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. மெட்ராஸைப் பார்த்தே தீருவது என்று பெயர் கொடுத்தான். சீட்டுக் குலுக்கியதில் அவனுக்குக் ‘கூடாது’ விழுந்தது. அவன் வகுப்புத் தோழன் பழனிவேலுக்கு ‘வேண்டும்’.

கால்குலஸ் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியாது. ஆகவே பேச்சு தயாரிப்பதில் சிரமம் இருக்கவில்லை.

ஆனாலும் காசிமுக்கு மனசு உறுத்தியது. சனிக்கிழமை பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் வந்துவிட்டான். நான் அங்கே கல்லூரியில் பி.யு.சி.

“மச்சான், கால்குலஸ்னா என்னா?”

“அஞ்சு மாசமாத்தானடா படிக்கிறேன். அதுக்குள்ள கேட்டா எப்டி?”

வகுப்புக்கு அழைத்துப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் தூங்கி எழுந்தபோது அவன் முகம் பளபளத்தது.

“இவ்ளோதானா மச்சான்!”

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

போட்டியன்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். “கால்குலஸ் தெரியாத நாடு ராக்கெட் விட முடியாது!” என்று பழனிவேல் முழங்கினான். கைதட்டல். “பள்ளிக்கூடத்துப் பையன் மண்டையில் அது ஏறவே ஏறாது!” என்றான் காசிம். இதற்குக் கைதட்டல் ஜாஸ்தி. மெட்ராஸ் செங்கல்பட்டு வரை நெருங்கி வந்துவிட்டது.

நடுவரான தலைமையாசிரியர் அந்தோணிசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“பழனிவேல், கால்குலஸ்னா என்னப்பா?”

பழனிவேல் கூரையைப் பார்த்தான். “அது... ரொம்ப நல்லது சார்.”

“காசிம், நீ சொல்லு.”

‘தெரியாது’ என்ற ஒரு சொல் போதும், டிக்கெட் கையில். நான் ‘வேண்டாம்’ என்று தலையைப் பலமாக ஆட்டிப் பார்த்தேன். அவன் வாய் நிற்கவில்லை.

“கடலூர்லேர்ந்து சிதம்பரம் இருவத்தஞ்சு மைலு சார். பாசஞ்சரு ரெண்டு மணி நேரத்துல போவுது. மணிக்குப் பன்னெண்டரை மைலுங்கிறோம். ஆனா பரங்கிப்பேட்டையில நிக்கிறப்ப சைபரு, அப்பறம் பறக்குது. ஒரு தந்திக் கம்பத்தத் தாண்டுறப்ப, அந்த நொடியில என்னா வேகம்? கம்பத்த ஒட்டிக் கொஞ்சம் தூரம் எடுத்து, அத ஆன நேரத்தால வகுக்கணும். தூரத்தக் கொறச்சிகிட்டே, கொறச்சிகிட்டே போனா அந்த நொடி வேகம் ஆப்புட்டுடும் சார். அதான்.”

கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. எனக்கே புரிந்துவிட்டது. பழனிவேல் மட்டும் இன்னும் கூரையில் தேடிக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஏறாதுன்னவன் ஏறும்னு காட்டிட்டான். வேணும்னவன் ஏறலைன்னு காட்டிட்டான். நான் யாருக்குய்யா குடுக்கிறது?”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மெட்ராஸ்லயும் சீட்டுத்தான் குலுக்குவாங்க. ‘வேண்டும்’னு விழுந்தா காசிம் பேசட்டும். ‘கூடாது’ன்னு விழுந்தா பழனிவேல் போயி நின்னாலே போதும். ரெண்டு பேரும் போங்க.”

ரயிலேற்றிவிட நானும் போனேன். பழனிவேல் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்தான்.

“காசிமு, அந்தத் தந்திக் கம்பத்த இன்னொரு தபா சொல்லேன்டா.”

காசிம் சட்டென்று ஜன்னல் கதவை இறக்கினான்.

“பேசாம தூங்குடா. திரும்பி வர்றப்ப சொல்றேன்.”